வீட்டுப்பதிவா, அகப்பதிவா? ஆம்ஸ்ட்ராங்கின் நாடாக்களை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஹோம் டேப்’, அதாவது ஒருவர் தமக்கென்று தாமே பதிந்துவைத்த ஒலிநாடா, என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். இத்தனை பேர் மெனக்கெட்டுப் பதில் எழுதியதற்கு நன்றி. வந்த சொற்களை எல்லாம் கட்டுரையில் போட்டு, வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். எந்த இடத்தில் சொல் கிடைக்காமல் நின்றேன் என்பதை முதல் மடலில் தெளிவாகச் சொல்லவில்லை. அதை இப்போது சொல்லிவிட்டு என் பரிந்துரையை வைக்கிறேன்.

கட்டுரை அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஒலிநாடாக்களைப் பற்றியது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கொரோனா என்ற இடம், அங்கே 107ஆம் தெரு. 1943இல் குடிபோனது முதல் 1971 ஜூலையில் இறக்கும்வரை அவருக்கும் மனைவி லூசிலுக்கும் அதுதான் வீடு. 1950ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் அவர் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினார். அன்று தொடங்கிய பதிவு இருபது வருடம் நிற்கவில்லை. மிஞ்சியவை ஏறக்குறைய 650 சுருள்கள். கம்பெனிகளுக்காக ஸ்டூடியோவில் அவர் வாசித்த கணக்கு இதில் சேராது. இது அவரே பொத்தானை அமுக்கிப் பதிந்தது. நண்பர்களோடு பேச்சு, சிரிப்பு, சபையில் சொல்ல முடியாத நகைச்சுவைத் துணுக்குகள், நியூ ஆர்லியன்ஸ் சிறுவயதுக் கதைகள், இசைத்தட்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்து ட்ரம்பெட் வாசித்தது எல்லாம் இருக்கிறது. லூசிலோடு நடந்த வாக்குவாதம்கூட நாடாவில் ஏறியிருக்கிறது.

இதற்குத்தான் சொல் வேண்டும்.

அதிகம் பேர் சொன்னது ‘வீட்டுப்பதிவு’. எளிய சொல், எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் ‘வீட்டுப் பதிவு’ என்றதும் நினைவுக்கு வருவது சார்பதிவாளர் அலுவலகமும் முத்திரைத்தாளும்தான். ‘ஆம்ஸ்ட்ராங்கின் வீட்டுப்பதிவுகள்’ என்று தலைப்பிட்டால், கொரோனா வீட்டை யார் பெயருக்கு எழுதிவைத்தார்கள் என்று சொல்லப்போகிறேன் என்று படிப்பவர் நினைப்பார். ‘இல்லப்பதிவு’ என்றாலும் அதே சிக்கல்தான்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்தப் பதிவுகளில் நிறைய வீட்டில் நடந்தவையே அல்ல. அவர் ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தவர். ரிக்கார்டரும் கூடவே போனது. ஓட்டல் அறை, மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறை என்று கச்சேரி முடிந்து ஆட்கள் வந்து உட்காரும் இடமெல்லாம் ரிக்கார்டர் ஓடியது. ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்பதற்காக நாமும் வீட்டுச் சுவருக்குள் அடைக்க வேண்டியதில்லை. இந்தப் பதிவுக்கு அடையாளம் இடம் அல்ல. யார் பதிந்தார், யாருக்காகப் பதிந்தார், சுற்றி யார் இருந்தார்கள் என்பதுதான். சொல் அதைத் தொட வேண்டும்.

‘தனிப்பதிவு’ ஏன் கூடாது என்று ஒருவர் கேட்டிருந்தார். இசை பற்றி எழுதும்போது ‘தனி’ ஆபத்தான சொல். நமக்குத் தனி என்றால் தனி ஆவர்த்தனம். ஜாஸ் பற்றிய கட்டுரையில் தனிப்பதிவு என்றால் ஒருவர் மட்டும் தனியாக வாசித்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இங்கே நடந்தது அதற்கு நேர் எதிர்: அறை நிறைய ஆட்கள். ‘அந்தரங்கப் பதிவு’ என்பதைச் செய்தித்தாள்கள் கெடுத்துவிட்டன. அதை மீட்க இந்தக் கட்டுரையால் முடியாது. ‘இரகசியப் பதிவு’ பொருளே தவறு. ஒட்டுக்கேட்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

எல்லையை எங்கே போடுவது என்று தெரிந்துகொள்ள ஜாஸ் உலகத்தின் வேறு இரண்டு பதிவுக் குவியல்களை எடுத்துப் பார்த்தேன். டீன் பெனடெட்டி என்பவர் 1947, 1948 ஆண்டுகளில் ஜாஸ் சாக்சஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் வாசித்த கிளப்புகளுக்குப் போய்ப் பதிவு செய்தார். பார்க்கரின் சாக்சஃபோன் தனி வரும்போதுதான் பெரும்பாலும் கருவி ஓடும், மற்றவர் வாசிக்கும்போது நின்றுவிடும். அவ்வளவு பக்தி! அது ஒரு ரசிகர் வெளியே இருந்து எடுத்த பதிவு. நம் ஊரில் சபாவுக்கு ஸ்பூல் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போன ரசிகர்களின் இனம். ‘ரசிகர் பதிவு’ என்றே சொல்லலாம்.

இன்னொன்று, புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித்தினுடையது. மன்ஹாட்டனில் ஆறாவது அவென்யூ 821ஆம் எண் கட்டடத்தில் அவர் குடியிருந்தார். ஜாஸ் கலைஞர்கள் இரவெல்லாம் அங்கே கூடி வாசித்தார்கள். கட்டடம் முழுக்க மைக்குகளை இழுத்துக் கட்டி, 1957 முதல் 1965 வரை 1,740 சுருள்கள் பதிந்தார். ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் ஒத்திகை பார்த்ததும் அதில் இருக்கிறது. இதை எங்கே வைப்பது என்று வெகுநேரம் யோசித்தேன். ஸ்மித் அங்கேயே குடியிருந்தவர், வந்தவர்கள் அவருக்குத் தெரிந்தவர்கள். ஆனாலும் பேச்சின் நடுவில் அவர் இல்லை; கட்டடத்தின் காதாக இருந்தார். ஆம்ஸ்ட்ராங்கோ பேச்சின் நடுவில் உட்கார்ந்திருப்பவர். துணுக்கு சொல்பவரும் அவரே, முதலில் சிரிப்பவரும் அவரே. ஆகவே ஸ்மித்தினுடையதை நம் சொல்லுக்குள் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

சரி, என் பரிந்துரை: அகப்பதிவு.

அகம் என்றால் உள், மனம். வீடும்தான். ‘ஆத்துக்குப் போகிறேன்’ என்று சிலர் சொல்வதில் இருப்பது அகம்தான். வீடு என்ற பொருள் உள்ளே இருக்கிறது, ஆனால் சுவர் இல்லை. ஓட்டல் அறையில் நான்கு நண்பர்கள் உட்கார்ந்தால் அங்கேயும் ஓர் அகம் உண்டு. உள்வட்டம் என்ற பொருளும் கிடைக்கிறது. சங்கப் பாட்டில் அகம் என்றால் ஒருவர் பெயரையும் சுட்டக் கூடாதே, இந்த நாடாக்களில் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றனவே என்று ஓர் ஐயா கேட்பார் என்று தெரியும். நான் எடுப்பது சொல்லின் பொருளை மட்டும், பாட்டின் இலக்கணத்தை அல்ல. இதற்கு எதிராக ஸ்டூடியோப் பதிவைப் ‘புறப்பதிவு’ ஆக்கவும் வேண்டாம். ‘வணிகப்பதிவு’ ஏற்கெனவே நன்றாக ஓடுகிறது.

ஒரு அக்கா ‘அகப்படு’ என்பது காதில் விழுகிறதே என்று எழுதியிருந்தார். எனக்கும் விழுந்தது. அது எனக்குப் பிடித்தே இருக்கிறது. கருவி ஓடுவதை மறந்து பேசியவர்கள் அதில் அகப்பட்டார்கள்தானே.

கைப்பேசியில் உள்ளே ஓடும் ஒலியைப் பதிவதோடு குழம்புமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ‘உள்ளொலிப் பதிவு’ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் மோதாது.

அடுத்தது, ‘அகநாடா’ போதாதா, ‘பதிவு’ எதற்கு என்ற கேள்வி. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏழு அங்குலச் சுருள் ஒன்றில் வழக்கமாக 1,200 அடி நாடா இருக்கும். நொடிக்கு 3.75 அங்குல வேகத்தில் ஓடவிட்டால் ஒரு பக்கமே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஆம்ஸ்ட்ராங் அந்த நீளத்தைப் பேச்சால் மட்டும் நிரப்பவில்லை. இசைத்தட்டுகளிலிருந்து நிறையப் படியெடுத்தும் வைத்தார். ஒரே சுருளில் பாட்டின் படி, நடுவில் நண்பர்களின் அரட்டை, மறுபடி பாட்டு என்று வரும். சுருள் முழுவதையும் அகநாடா என்றால் அந்தப் பாட்டுப் படிகளையும் அகம் என்று சொன்னதாகிவிடும். பேச்சு வரும் பகுதி அகப்பதிவு, பாட்டு வரும் பகுதி படி, இரண்டையும் தாங்கும் பொருள் நாடா அல்லது சுருள். பட்டியல் போடுபவர்களுக்கு இந்தப் பிரிவு மிகவும் தேவை. ஆம்ஸ்ட்ராங்குக்கே தேவைப்பட்டது: சுருள்களுக்கு எண் கொடுத்து, எதில் என்ன இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்தார். உடல்நலம் குன்றி வீட்டோடு இருந்த கடைசி ஆண்டுகளில், தன் அறையில் டேண்ட்பெர்க் நிறுவனத்தின் இரண்டு டேப் கருவிகளை வைத்துக்கொண்டு நாடாக்களைத் திரும்பக் கேட்டு, படியெடுத்து, புதிதாக எண் போட்டார். இப்படி உட்கார்ந்து தன் குரலுக்கே அட்டவணை போட்ட கலைஞர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாடாக்கள் இப்போது கோப்புகளாகிவிட்டன. கோப்பை நாடா என்று சொல்ல முடியாது, பதிவு என்று சொல்லலாம். அந்த வீடு 2003 முதல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. அறை அறையாகப் போகும்போது அவர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவதும், ட்ரம்பெட் பழகுவதும், நண்பர்களோடு அரட்டையடிப்பதும் கேட்கும்படி செய்திருக்கிறார்கள். அங்கே நிற்பவர் கேட்பது நாடாவை அல்ல.

வளைகுடாவிலிருந்து கேசட்டில் பேசி அனுப்பிய காலத்தை ஒருவர் நினைவூட்டினார். அதையும் அகப்பதிவில் சேர்க்கலாமா? என் எண்ணம், கூடாது. அது ஒருவரைப் பார்த்துப் பேசியது, கடிதத்தின் இனம். ‘குரல்மடல்’ அதற்கு அழகாகப் பொருந்தும்.

அகராதிக்கு இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன். அகப்பதிவு: கலைஞர் ஒருவர் தாமும் கூட இருந்து, விற்பனைக்கோ ஒலிபரப்புக்கோ அல்லாமல், தமக்காகவும் தம் வட்டத்துக்காகவும் எடுத்த ஒலிப்பதிவு. ‘கலைஞர்’ என்பதை ‘ஒருவர்’ என்று விரிக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

அப்புறம், கட்டுரையில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நாடாப் பெட்டிகளின் மேல் ஆம்ஸ்ட்ராங், புகைப்படம், செய்தித்தாள் துண்டு, வாழ்த்து அட்டை என்று கையில் கிடைத்ததை எல்லாம் வெட்டி, ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருக்கிறார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள் அப்படி இருக்கின்றன. ‘கொலாஜ்’ என்பதற்கு ‘ஒட்டுப்படம்’ என்று போட்டிருக்கிறேன். ஓவியம் தெரிந்தவர்கள் இதைவிட நல்ல சொல் வைத்திருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.