கட்டடம் இல்லாத கடற்கரை, 30 நாள் கெடு: கையெழுத்து மட்டும் போதுமா?

அலைவாய் (கேள்வி):
ஏறக்குறைய 3 கிலோமீட்டர் மணற்கரை. இதுவரை ஒரு செங்கல் ஏறவில்லை. பின்னால் இரண்டு வரிசை மணல்மேடு, அதற்கும் பின்னால் ஊற்று தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் தாழ்வு நிலம். முன்வரிசை மேட்டைச் சமன்படுத்தி விடுதி கட்ட விண்ணப்பம் போயிருக்கிறது. ஆட்சேபனைக்கு 30 நாள். ஒரே வாசகத்தில் 4,000 கையெழுத்து சேர்ந்தாயிற்று. "உயர் ஓதக் கோட்டிலிருந்து விதிப்படி தூரம் விட்டிருக்கிறோம்" என்கிறது எதிர்த்தரப்பு (ஓதம் ஏறும்போது கடல்நீர் தொடும் உச்ச எல்லைதான் அந்தக் கோடு). மீதி நாட்களில் ஆட்களை எந்த வேலையில் இறக்குவது?

கோப்புப்புழு:
4,000 கையெழுத்து செய்திக்கு நல்லது. கோப்பில் அது பெரும்பாலும் ஒரே ஒரு ஆட்சேபனை. அதே மக்களில் 100 பேர் தனித்தனிக் காரணத்தோடு எழுதினால் அத்தனைக்கும் பதில் எழுதியாக வேண்டிய நிலை வரும்.

முதல் வேலை, முழுக் கோப்பின் நகல். விண்ணப்பம், அளவை வரைபடம், சுற்றுச்சூழல் அறிக்கை மட்டுமல்ல, எல்லா இணைப்புகளும் வேண்டும். ஓட்டை பெரும்பாலும் இணைப்பில்தான் இருக்கும். உயர் ஓதக் கோட்டை யார், எந்தத் தேதியில், எந்தப் பருவத்தில் குறித்தார்கள் என்று பாருங்கள். உயிரினப் பட்டியலையும் வரிவரியாகப் படியுங்கள். வேறு இடத்து அறிக்கையிலிருந்து அப்படியே ஒட்டியிருந்தால் அங்கேதான் மாட்டும்: மணற்கரைப் பட்டியலில் பாறையில் மட்டும் ஒட்டி வாழும் சிப்பி நிற்கும்.

ஒவ்வொரு கடிதத்திலும் நான்கு விஷயம் போதும்: பக்க எண், அங்கே சொல்லியிருப்பது, அது ஏன் தவறு, என்ன உத்தரவு கேட்கிறீர்கள். தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். "இயற்கை அழிகிறது" என்று எழுதினால் "பரிசீலிக்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுவார்கள். இன்னொன்று: பல நாடுகளில், ஆட்சேபனைக் கட்டத்தில் எழுப்பாத காரணத்தை மேல்முறையீட்டில் புதிதாக எழுப்புவது கடினம். சின்னக் காரணமாகத் தோன்றினாலும் இப்போதே எழுதி வையுங்கள்.

ஓதம்:
அந்தக் கோட்டைத்தான் தொட வேண்டும். புயல் பருவத்து அலை கரை மணலை இழுத்துக்கொண்டுபோய்க் கடலுக்குள் திட்டாகப் போடும். அமைதியான மாதங்களில் சிற்றலை அதையே திருப்பிக் கொண்டுவரும். கரை அகன்று கிடக்கும் மாதத்தில் கோடு குறித்தால் அது கடல் பக்கம் தள்ளி விழும். விட்ட தூரம் தாளில் தாராளமாகத் தெரியும். எழுத்தில் கேளுங்கள்: இது எந்த மாதத்துக் கோடு?

சொந்தமாக அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். 1961-ல் எமரி என்ற கடலியலாளர் எழுதிய முறை இருக்கிறது. 1.5 மீட்டர் கோல் இரண்டு, சென்டிமீட்டர் குறியோடு. பூஜ்யம் கோலின் தலையில் இருக்கட்டும். இரண்டையும் இணைக்க 2 மீட்டர்க் கயிறு. மணல்மேட்டுக்குப் பின்னால் அசையாத ஓர் இடத்தில் கல் நட்டு, அங்கிருந்து திசைகாட்டியில் ஒரு திசையை முடிவு செய்து, கடைசிவரை அதே திசையில் நீரை நோக்கிப் போக வேண்டும்.

முன்கோல் கடல் பக்கம், பின்கோல் உங்கள் கையில். கண்ணைத் தாழ்த்தி, முன்கோலின் தலையும் அடிவானமும் ஒரே கோட்டில் வரும்போது அந்தப் பார்வை பின்கோலை எங்கே வெட்டுகிறது என்று படியுங்கள். தலையிலிருந்து 14 செ.மீ. கீழே என்றால் அந்த 2 மீட்டருக்குள் மணல் 14 செ.மீ. இறங்கியிருக்கிறது. தரை ஏறினால் தலைகீழ்: பின்கோலின் தலை வழியே அடிவானத்தைப் பார்த்து முன்கோலில் படிக்க வேண்டும். குறித்துக்கொண்டு, முன்கோல் நின்ற அதே குழியில் பின்கோலை வைத்து அடுத்த 2 மீட்டர்.

சொதப்புவது மூன்று இடத்தில். ஈர மணலில் கோல் புதையும். அடியில் உள்ளங்கை அகலப் பலகை ஒன்றை ஆணியடித்துவிடுங்கள். கோல் சாயும், ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கயிறு தொய்யும் அல்லது சரிவோடு சாயும். கிடைமட்டமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பனிமூட்டத்தில் அடிவானம் தெரியாவிட்டால், இரண்டு கோலையும் ஒட்டித் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகு பிளாஸ்டிக் குழாயைப் பிடித்து மட்டம் பாருங்கள். கொத்தனார் மட்டக்குழாயேதான்.

அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் வரும் வற்றத்தில் (நீர் மிகவும் இறங்கும் நேரத்தில்) அளந்தால் நீண்ட தூரம் கிடைக்கும். 3 கிலோமீட்டருக்கு நான்கு, ஐந்து வரிசை போதும். 30 நாளில் இரண்டு முறைதான் அளக்க முடியும், பரவாயில்லை. நடுவில் காற்றடித்துக் கடல் கொந்தளித்தால், அடங்கிய மறுநாளே போய் அளந்துவிடுங்கள். அந்த ஓர் அளவு வழக்கமான ஆறு அளவுக்குச் சமம்.

அடும்பு:
அளவை ஒரு பக்கம் நடக்கட்டும். மேட்டில் என்ன வளர்கிறது என்றும் வரைய வேண்டும். வெப்பக் கடற்கரை என்றால் நீர்ப்பக்கம் அடும்பங்கொடியும் ராவணன் மீசை என்ற முள்ளுப் புல்லும் இருக்கும். பறக்கும் மணலைப் பிடித்து மேட்டை வளர்ப்பவை அவைதான். அதே அளவை வரிசையில் 1 மீட்டர் சதுரச் சட்டம் போட்டு, எத்தனை பங்கு செடி, எத்தனை பங்கு வெறும் மணல் என்று எழுதுங்கள். "தரிசு மணல்" என்று அறிக்கையில் இருந்தால் இதுவே பதில்.

ஆமை ஏறும் கரையானால், முட்டைக் காலத்தில் விடியுமுன் நடந்து தடங்களை எண்ணுங்கள். காற்றும் கால்தடமும் வந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. இடது, வலது துடுப்பு மாறிமாறிப் பதிந்திருந்தால் பங்குனி ஆமையாக இருக்கலாம். இரண்டும் இணையாகப் பதிந்திருந்தால் பேராமை அல்லது தோணியாமை பக்கம் யோசிக்கலாம். எண்ணி முடித்த தடத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுங்கள், மறுநாள் மறுபடி எண்ண மாட்டீர்கள். குழியைத் தோண்டாதீர்கள்; பல இடங்களில் அனுமதியின்றித் தொடுவதே குற்றம். நிலவில்லா இரவில், ஒரே கேமரா, ஒரே அமைப்பில் கரையின் இருட்டையும் படம் எடுத்து வையுங்கள். குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கித்தான் ஓடும். விடுதி விளக்கு அவற்றை நிலத்துக்குள் இழுக்கும்.

செய்யக்கூடாததும் உண்டு. துப்புரவு என்று டிராக்டர் இறக்காதீர்கள், இளம் மணல்மேடு அதிலேயே போய்விடும். அப்புறம் சவுக்கு நடும் ஆசை. தயவுசெய்து வேண்டாம். நிழலும் சருகும் கொடியைக் கொன்றுவிடும். "இது ஏற்கெனவே மனிதர் வைத்த தோப்புதானே" என்ற வாதத்தையும் நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

அலைவாய்:
நன்றி. இலவச செயற்கைக்கோள் படத்தில் 2016-க்கும் இப்போதைக்கும் நீர்விளிம்பு 25 மீட்டர் உள்ளே வந்திருக்கிறது. கடிதத்தில் போடலாமா?

ஓதம்:
அப்படியே போட்டால் கிழித்துவிடுவார்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் என்றால் ஒரு புள்ளியே 10 மீட்டர். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு படமும் எடுத்த நேரத்தில் ஓதம் எந்த நிலையில் இருந்தது என்பது. உங்கள் கரை 50-க்கு 1 சரிவு என்றால், நீர்மட்டம் வெறும் அரை மீட்டர் மாறினாலே விளிம்பு 25 மீட்டர் நகரும். நீர்விளிம்பை விட்டு, செடி தொடங்கும் கோட்டை ஒப்பிடுங்கள்; அது ஓதத்தோடு ஆடாது. ஒரே மாதத்துப் படங்களாக ஏழெட்டு ஆண்டு எடுங்கள். 1980-களிலிருந்து அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படமும் இருக்கிறது, ஆனால் 30 மீட்டர்ப் புள்ளி. பெரிய மாற்றத்துக்கு மட்டும்தான் உதவும்.

கிணற்றடி:
அந்தத் தாழ்வு நிலத்து நல்ல தண்ணீரை யாரும் தொடவில்லையே. மணலுக்கடியில் நன்னீர் உப்புநீர்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர். விடுதிக் கிணறு மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், உப்பு எல்லை காலப்போக்கில் 20 மீட்டர் மேலே ஏறப் பார்க்கும். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், எங்கிருந்து, கழிவுநீர் எங்கே என்று மூன்று கேள்வி கேளுங்கள். பக்கத்துக் கிணறுகளில் உப்புத்தன்மையை வாரம் ஒருமுறை மின்கடத்து மானியில் அளந்து வைத்தால் பிறகு "முன்பே உப்புதான்" என்று சொல்ல முடியாது.

கடற்சுவரையும் கேளுங்கள். விண்ணப்பத்தில் இருக்காது, கட்டடத்தை அலை தொட்ட மறுவருடம் வரும். கரையோரமாக நகரும் மணலைக் கட்டுமானம் மறித்தால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரி போதும்: 1980-களின் இறுதியில் துறைமுக அலைதடுப்பு வந்தபின் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை கரைந்து கல் கொட்ட வேண்டியதாயிற்று.

கோப்புப்புழு:
இடைக்காலத் தடை மனுவையும் இப்போதே தயார் செய்யுங்கள். ஸ்பெயினில் காபோ தெ காத்தா இயற்கைப் பூங்காவுக்குள் அல்கரோபிகோ விடுதி 2003-ல் தொடங்கியது. 2006-ல் நீதிமன்றம் நிறுத்தியபோது 411 அறைக் கட்டடம் ஏறக்குறைய எழுந்துவிட்டது. வழக்குகளில் வென்ற பிறகும் அது பல வருடம் இடிபடாமல் கரையிலேயே நின்றது. மேட்டில் முதல் இயந்திரம் ஏறுவதற்கு முன்னால் தடை வேண்டும்.

நிலம் யார் பெயரில் என்பதையும் பாருங்கள். தனியார் என்றால் அனுமதியை இன்று தடுத்தாலும் ஐந்து வருடத்தில் வேறு பெயரில் விண்ணப்பம் வரும். பிரிட்டனில் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 1965-லிருந்து கடற்கரை நிலத்தை விலைக்கு வாங்கிவருகிறது, பிரான்ஸ் 1975-ல் இதற்கென்றே ஓர் அரசு அமைப்பை உருவாக்கியது. உங்கள் குழு பதிவு செய்த அறக்கட்டளையா? இல்லையென்றால் அந்த வேலையை நாளைக்கே ஆரம்பியுங்கள். மனு போடவும் பணம் திரட்டவும் அது இருந்தால் எளிது.