பழைய சொகுசு எஸ்யூவிக்கு வீட்டிலேயே சஸ்பென்ஷன் வேலை: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வண்டிக்கு 18 வயது. நான்கு பக்கமும் டபுள் விஷ்போன் (வீலை மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கும் அமைப்பு), நான்கு பக்கமும் ஏர் ஸ்பிரிங் (காற்றடைத்த ரப்பர் பை). இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேடு பள்ளத்தில் முன்பக்கம் டொக்கென்று ஒரு சத்தம், வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங்கில் நடுக்கம், இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் ஒரு மூலை மட்டும் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் வீட்டிலேயே பிரித்துப் பூட்டி முடித்தாயிற்று. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன், மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்க்கலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வயது வண்டியில் பணத்தைக் கொண்டுபோய் ஷாக் அப்சார்பரிலும் ஏர் ஸ்பிரிங்கிலும் கொட்டுவதற்கு முன் ரப்பர் புஷ்களை, அதாவது ஆர்ம் வண்டியோடு சேரும் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளைகளைப் பாருங்கள். "அதிகம் ஓடவே இல்லையே" என்பது இங்கே செல்லாது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். இந்த வண்டிகளின் சொகுசில் பாதி அந்தக் கைப்பிடி அளவு ரப்பரில்தான் இருக்கிறது.

என் வண்டியில் முன் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ் ஹைட்ராலிக் வகை. ரப்பருக்குள் திரவம் அடைத்திருப்பார்கள். பிரேக் பிடிக்கும்போது வரும் அதிர்வை அது விழுங்கிவிடும். ரப்பர் கிழிந்தால் திரவம் ஒழுகிவிடும், அப்புறம் அது வெறும் ஓட்டை புஷ். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது ஆர்மில் கருப்பாகப் பிசுபிசுவென்று ஒரு கறை, அதன்மேல் புழுதி அப்பிக்கிடந்தது. நெம்புகம்பியை வைத்து லேசாக நெம்பினால் நடுவிலுள்ள இரும்புக் குழல் தனியாக அசைகிறது, சுற்றியுள்ள ரப்பர் வாய் பிளந்து நிற்கிறது. ஸ்டியரிங் நடுங்குகிறதா, பிரேக் டிஸ்க்கை மாற்று என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். டிஸ்க்கைத் தொடவே இல்லை. புஷ் மாறியதும் நடுக்கம் போய்விட்டது.

பிரிக்கத் தொடங்குமுன் ஒரு காரியம் செய்தேன். வண்டி சமதரையில் வழக்கமான உயரத்தில் நிற்கும்போது, வீல் நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தூக்குவது. ஏர் சஸ்பென்ஷன் வண்டி சாவியை எடுத்த பிறகும் தானாக உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். ஜாக்கி வைக்கும்போது பயன்படுத்த என்று ஒரு மோடு பல வண்டிகளில் இருக்கும். அதைப் போட்டேன், ஃபியூஸையும் பிடுங்கினேன். ஜாக்கியை நம்பி யாரும் கீழே போகவேண்டாம். ஸ்டாண்ட் மேல் உட்கார வைத்து, கழற்றிய வீலையும் பாடிக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் நான் படுத்தேன். இரண்டரை டன் வண்டி இது.

நேரத்தைத் தின்றது போல்ட்கள்தான். லோயர் ஆர்மின் உள்பக்க போல்ட்டில் கேம் வாஷர் (மையம் விலகிய வட்டு) இருக்கும், வீல் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் அதில்தான். கழற்றுமுன் அது நின்ற இடத்தில் பெயிண்ட்டால் கோடு போட்டேன். நட்டு கழன்றது, போல்ட் வரவில்லை. புஷ்ஷின் உள்குழலோடு துருவில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் போல்ட்டோடு குழலும் சேர்ந்து சுற்றும், ரப்பர் முறுக்கிவிட்டு ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரும். துரு கழற்றும் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு விட்டும் அசையவில்லை. கடைசியில் ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் ரெசிப்ரோகேட்டிங் ஸாவை (முன்னும் பின்னும் ஓடும் மின் ரம்பம்) விட்டு இருபுறமும் அறுத்து எடுத்தேன். வேலைக்கு இறங்குமுன் கேம் போல்ட்டும் வாஷரும் புதிதாக வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாதி பிரித்த வண்டி ஸ்டாண்டிலேயே காத்துக்கிடக்கும்.

பால் ஜாயிண்ட்டை (ஆர்மை நக்கிளோடு, அதாவது வீலைத் தாங்கும் பாகத்தோடு, சேர்க்கும் உருண்டை மூட்டு) பிரிக்கக் கவட்டை மாதிரியான ஆப்பை அடித்து இறக்குபவர்கள் உண்டு. பால் ஜாயிண்ட்டைத் தூக்கிப் போடப் போகிறோம் என்றால் அடியுங்கள். மறுபடி மாட்டுவதாக இருந்தால் அதன் ரப்பர் பூட் கிழிந்துவிடும். என் நக்கிள் அலுமினியம் என்பதால் சுத்தியலே எடுக்கவில்லை, புல்லர் வைத்து இறுக்கினேன். நட்டை முழுதும் எடுக்காமல் நாலு மரை விட்டுவைத்தேன். பட்டென்று விடும்போது ஆர்ம் முகத்துக்கு வராது.

உயரத்தைக் காட்டும் சென்ஸாரின் சின்ன லிங்க் ஆர்மோடு இணைந்திருக்கும். அதையும் ஏபிஎஸ் வயரையும் முதலில் விடுவித்துவிடுங்கள். பிளாஸ்டிக், கை பட்டாலே உடையும் வயது.

இனி அந்த டேப் அளவு. ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுற்றாது. போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் பிராக்கெட்டோடு பிடித்துக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. வீல் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுகிய நிலைக்கு வந்துவிடும். நின்றுகொண்டிருக்கும்போதே முறுக்கு, ஓடும்போது அதற்கு மேலும் முறுக்கு. புது புஷ் சீக்கிரமே கிழிந்துபோவதற்கு மட்டமான சாமான் என்று பழி போடுவோம், பெரும்பாலும் இறுக்கிய விதம்தான் காரணம். எனவே எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் மாட்டி, ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, குறித்துவைத்த அதே அளவு வரும்வரை உயர்த்தி, அந்த நிலையில் டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசைக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கினேன். உயர்த்தும்போது பாடி ஸ்டாண்டை விட்டு எழும்புகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். எழும்பினால் அங்கேயே நிறுத்திவிட்டு, வண்டியை வீலோடு ராம்ப் மேல் ஏற்றி, சொந்த எடையில் நிற்கவைத்து இறுக்குவது நல்லது.

ஏர் பக்கம் நான் பயந்த அளவுக்கு இல்லை. உட்கார்ந்த மூலையில் சோப்புத் தண்ணீர் தெளித்தால், ஏர் ஸ்பிரிங் ரப்பர் கீழே மடிந்து உருளும் இடத்தில் சின்னச் சின்னக் குமிழி. அந்த ஒன்றை மட்டும் மாற்றினேன்.

பதில் (கம்ப்ரசரில் கைசுட்டவர்)

அருமையான பதிவு, சார். ஏர் பற்றி ஒன்று சேர்க்கிறேன். என் வண்டியில் கம்ப்ரசர் எரிந்துபோனது, மாற்றிக் கொடுத்தார்கள், புதியதும் கொஞ்ச நாளில் எரிந்தது. கசிவை யாரும் தேடவில்லை! ஏர் ஸ்பிரிங்கில் காற்று போகப் போக கம்ப்ரசர் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும், சூடாகும். அதோடு இருக்கும் டிரையரில் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறைந்துபோய் ஈரம் வால்வ் பிளாக் (காற்றை ஒவ்வொரு மூலைக்கும் பிரித்துவிடும் பாகம்) வரை போகும். கம்ப்ரசரை ஓடவிட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்கவே நிற்காது. கம்ப்ரசர் போனால் ரிலேயையும் மாற்றிவிடுங்கள், கசிவை அடைக்காமல் புது கம்ப்ரசர் பெட்டியைத் திறக்காதீர்கள்.

புது ஏர் ஸ்பிரிங் மாட்டுபவர்களுக்கு இன்னொன்று. காற்றே இல்லாமல் வண்டி எடையை அதன்மேல் இறக்கக் கூடாது. மடிப்பு தப்பாக விழுந்தால் அந்த இடத்திலேயே ரப்பர் வெட்டுப்படும். ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) வைத்து முதலில் கொஞ்சம் காற்று ஏற்றி, மடிப்பு ஒழுங்காக விழுந்ததா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு மெல்ல இறக்கவேண்டும். குழாயைக் கழற்றும் முன்னும் அழுத்தத்தை ஸ்கேனரிலேயே வெளியேற்றிவிடுங்கள்.

பதில் (எல்எக்ஸ் 470 உரிமையாளர்)

எங்கள் வண்டியில் காற்றே இல்லை, எண்ணெய். லெக்ஸஸ் எல்எக்ஸ் 470-ல் முன்னால் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), பின்னால் காயில் ஸ்பிரிங். எடையில் ஒரு பங்கை அவை தாங்க, மீதியை ஹைட்ராலிக் தாங்கும். ஒவ்வொரு வீலுக்கும் நைட்ரஜன் அடைத்த ஓர் உருண்டை உண்டு. ஹைட்ராலிக் தாங்கும் பங்குக்கு அந்த நைட்ரஜன்தான் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது.

வண்டி கட்டை மாதிரி குதிக்கிறது என்று உருண்டைகளை மாற்றக் கிளம்பும் முன் ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லை. வண்டியை உச்ச உயரத்தில் வைத்து எண்ணெய்த் தொட்டியின் கோட்டைப் பாருங்கள், பிறகு மிகத் தாழ்ந்த உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். புது உருண்டை என்றால் சுமார் 14 கோடு வித்தியாசம் வரும். 7-க்குக் கீழே வந்தால் உருண்டையில் வாயு தீர்ந்துவிட்டது. எனக்கு வித்தியாசம் நன்றாகவே வந்தது, ஆனால் வண்டி மட்டும் விறைப்பு. ஸ்கேனரில் பார்த்தால் முன்பக்க அழுத்தம் இருக்கவேண்டிய சுமார் 6.9 மெகாபாஸ்கலைத் தாண்டி எங்கோ நிற்கிறது. வயதான டார்ஷன் பார் தளர்ந்து தன் பங்கை ஹைட்ராலிக் தலையில் கட்டிவிட்டது. டார்ஷன் பாரின் அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டை இருபுறமும் சமமாக இறுக்கி, மறுபடி அளந்து, மறுபடி இறுக்கி வழிக்குக் கொண்டுவந்தேன். ஒரு பாகம்கூட வாங்கவில்லை.

பதில் (காயிலுக்கு மாறியவர்)

இவ்வளவு பாடு எதற்கு? நான்கு மூலையிலும் காயில் ஸ்பிரிங் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறேன். கம்ப்ரசரும் இல்லை, கசிவும் இல்லை.

பதிவை எழுதியவர்

நிம்மதி உங்களுக்கு, அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை விளக்கை அடக்க தனியாக ஒரு மாட்யூல் போடவேண்டியிருக்கும், சாமான் ஏற்றினால் பின்பக்கம் தாழும், மேடான பாதையில் உயர்த்திக்கொள்ளும் வசதியும் போய்விடும். 1992-ல் ரேஞ்ச் ரோவர் எல்எஸ்இ-யில் ஏர் ஸ்பிரிங் வந்ததே இந்த வசதிகளுக்காகத்தான். வண்டியை விற்கும் வரை தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்றால் காயில் சரி. வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் கசிகிற ஒன்றை மாற்றுவதே என் கட்சி.

பதில் (புதிதாக இறங்குபவர்)

புஷ் மட்டும் வாங்கி பிரஸ்ஸில் அடித்து ஏற்றலாமா, இல்லை முழு ஆர்ம் வாங்கவேண்டுமா? பாலியூரித்தேன் புஷ் காலத்துக்கும் உழைக்கும் என்கிறார்களே?

பதிவை எழுதியவர்

ஆர்மிலேயே பால் ஜாயிண்ட்டும் சேர்ந்து வந்தால் முழு ஆர்மை வாங்குங்கள், தம்பி. வேலை பாதியாகும். புஷ் மட்டும் என்றால் பிரஸ் கட்டாயம். சுத்தியலால் அடித்தால் புஷ் கோணலாக ஏறும். வழுக்குவதற்கு சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதும். முக்கியமாக, சில புஷ்ஷின் ரப்பரில் இரண்டு பக்கம் பிறை மாதிரி வெற்றிடம் விட்டிருப்பார்கள். அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பழையதைத் தள்ளும் முன் ஆர்மில் கீறி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெற்றிடம் இருக்கும் திசையில்தான் புஷ் இளகிக் கொடுக்கும். திருப்பிப் போட்டால் மெத்தென்று இருக்கவேண்டிய இடத்தில் விறைப்பு, விறைப்பாக இருக்கவேண்டிய இடத்தில் ஆட்டம்.

பாலியூரித்தேன் உழைக்கும்தான். ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லையும் கேபினுக்குள் சொல்லும், கிரீஸ் வற்றினால் கீச்சிடும். கரடுமுரடான பாதையில் தூக்கி அடிக்கும் வண்டிக்குப் போடலாம். சத்தமில்லாமல் போகத்தானே இந்த வண்டியை வாங்கினோம்?

பதில் (புதிதாக இறங்குபவர்)

சரி அண்ணா. முடித்ததும் நேராக அலைன்மென்ட்டுக்குப் போய்விடலாம் இல்லையா?

பதிவை எழுதியவர்

அதற்கு முன் ஸ்கேனரில் உயரத்தைக் காலிபரேட் செய்யுங்கள். உயரம் மாறினால் கேம்பரும் (வீலின் சாய்வு) டோவும் (வீல் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மாறும், அலைன்மென்ட் செய்த காசு வீண். டேப் அளவு நான்கு பக்கமும் சரியாக வந்த பிறகு கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், போல்ட்களை ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள், அப்புறம் அலைன்மென்ட். ஹெட்லைட் தானாக ஏறி இறங்கும் வண்டியாக இருந்தால் அதன் உயரத்தையும் அங்கேயே பார்க்கச் சொல்லிவிடுங்கள். பல வண்டிகளில் அதுவும் ஆர்மிலுள்ள அதே சென்ஸாரைத்தான் நம்பி நிற்கிறது.