மணல் தட்டு: நீலப் பூச்சு உரிகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். குழந்தைகளுக்கான விளையாட்டு சிகிச்சை அறையில் இரண்டு மணல் தட்டுகள்: ஒன்று காய்ந்த மணலுக்கு, ஒன்று ஈர மணலுக்கு. அளவு சுமார் 72 × 50 செ.மீ., ஆழம் 7 செ.மீ.; பாதிவரைதான் மணல். உள்பக்கம் நீலமாக இருந்தே ஆகணும். பிள்ளை விரலால் மணலை விலக்கினால் அடியில் ஆறோ குளமோ தெரியும்.

ஈரத் தட்டில் எனாமல் பெயிண்ட் மூலைகளில் உப்பி உரிகிறது. ப்ளைவுட் இணைப்பில் தண்ணீர் இறங்குவதுதான் காரணம். ஃபைபர் பூச்சு போட்டுப் பார்த்தவர்கள் இருக்கீங்களா? சலித்துக் கழுவிய ஆற்று மணல் தட்டுக்கு 20 கிலோ வேணும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வேண்டாம், கையைக் குத்தும்.

பிள்ளைகள் மணலில் வைத்து விளையாடப் பொம்மைகளும் தேடுகிறோம், 5 முதல் 8 செ.மீ. உயரத்தில். அழகானவை மட்டும் போதாது. பாம்பு, போலீஸ், ஆம்புலன்ஸ், வேலி அவசியம். வாயால் சொல்ல முடியாத பயத்தைப் பிள்ளை அவற்றை வைத்துத்தான் காட்டும். எங்கே கிடைக்கும்?