ஸ்பேஸ் எஞ்சினியர்ஸ் கணினி விளையாட்டு: சுரங்கக் கப்பலுக்கு எந்தத் திரஸ்டர் (உந்துபொறி)?

கேள்வி: பூமியை ஒத்த கோளில் நான் கட்டிய சிறிய சுரங்கக் கப்பல், வெறுமையாக இருக்கையில் நன்றாகப் பறந்தாலும், சரக்குப்பெட்டி நிறைந்ததும் குழியைவிட்டு எழ மறுக்கிறது. அயான் திரஸ்டர்களைக் கூட்டினால் போதுமா?

பதில்: போதாது. வளிமண்டலத்தில் அயானின் விசை பெரிதும் குறைந்துவிடும். விண்கற்களில் தோண்டவே அது ஏற்றது. 576 கிலோநியூட்டன் தரும் பெரிய வளிமண்டலத் திரஸ்டர் ஒன்று, கப்பலும் கனிமமும் சேர்த்து உங்கள் கோளில் ஏறத்தாழ 58 டன்னைத்தான் தாங்கும் என்பதால், நிறைந்த எடையைக் கணக்கிட்டுக் கீழ்நோக்கிப் பொருத்துங்கள்.

மற்றொரு பதில்: விண்வெளிக்கும் செல்வதானால் ஹைட்ரஜன் திரஸ்டரே என் தேர்வு, அதன் எரிபொருளுக்காகப் பனிக்கட்டி தேடி அலைய வேண்டும் என்பது வேறு விஷயம். அதன் சுடர் பட்டு என் டிரில்லே ஒருமுறை சிதைந்தது.

கேட்டவர்: வளிமண்டலத் திரஸ்டர் இரண்டைக் கூட்டினேன், எழுந்துவிட்டது. நன்றி.