எலும்பா, தந்தமா? பழைய எழுதுபெட்டிகளோடு எங்கள் அனுபவங்கள்

பொள்ளாச்சியிலிருந்து:

என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) ஆனைமலைப் பக்கம் மர வியாபாரம் செய்தவர். வால்பாறையில் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் அப்பிச்சி வாங்கி வந்த சிறிய எழுதுபெட்டிக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை 'துரைப் பெட்டி' என்றே பெயர். மூடியைத் திறந்து விரித்தால் வெல்வெட்டு ஒட்டிய சாய்வுப் பலகை ஒன்று உருவாகும். அதன் தலைமாட்டில் மைக்கூடு வைக்க இரண்டு குழிகளும் பேனாவுக்கு ஒரு நீளப் பள்ளமும் உண்டு. மூடியின் மேல் முழுக்க நட்சத்திர நட்சத்திரமாகப் பொடிக் கோலம். அதை யாரோ நுண்ணிய தூரிகையால் வரைந்தது என்றே நாங்கள் சிறுவயதில் நம்பியிருந்தோம்.

மழைக்காலம் ஒன்றில் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் பெயர்ந்து கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தால் பின்புறத்திலும் அதே நட்சத்திரம் இருந்தது. அது வரைந்ததில்லை என்று அன்றுதான் புரிந்தது. பாரசீகத்துச் சீராசிலிருந்து சிந்து வழியாகச் சூரத்துக்கும் பின்னர் பம்பாய்க்கும் வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் சாடேலி வேலை அது. தந்தம், கருங்காலி, சந்தனம், வெள்ளீயம், பச்சைச் சாயம் ஏற்றிய கொம்பு அல்லது எலும்பு ஆகியவற்றை முக்கோண முகமுள்ள மெல்லிய குச்சிகளாகச் சீவி, கோலம் அமையும்படி அடுக்கி, தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசை போட்டு ஒரே கட்டாக இறுக்கி ஒட்டுவார்கள். பசை இறுகிய பின் வாழைத்தண்டை வட்டவட்டமாக அரிவதுபோல அந்தக் கட்டைக் குறுக்கே அறுத்தால், ஒவ்வொரு வில்லையிலும் அதே கோலம் கிடைக்கும். அந்த வில்லைகளைத்தான் பெட்டியின் மேல் வரிசையாகப் பதிக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இவை வெள்ளைக்காரர்களிடையே பம்பாய்ப் பெட்டி என்ற பெயரிலேயே விலைபோயின.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே நான் ஒரு தவறு செய்துவிட்டேன். மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடும் ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்தேன். அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் மேடுபள்ளம் கண்ட இடத்தில் உப்புத்தாள் போடுவது அவர் கைப்பழக்கம். வில்லையின் கனம் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. இரண்டு இழுப்பில் ஒரு மூலை முழுவதும் தேய்ந்து அடிமரம் தெரிந்துவிட்டது. பெயர்ந்த இடங்களில் அவர் வெள்ளைப் பசையை ஊற்றி ஒட்டியிருந்தார். வச்சிரம் என்றால் இளஞ்சூடும் ஈரமும் பட்டதும் இளகிவிடும், எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்து ஒட்டலாம். அந்த வெள்ளைப் பசை இறுகியது இறுகியதுதான். இதே மாதிரிப் பெட்டியைக் கண்டவர்கள் இருந்தால் எழுத வேண்டுகிறேன்.

தாராபுரத்திலிருந்து:

எங்கள் பெட்டிக்கு இவ்வளவு பெருமை கிடையாது. ஈட்டி மரத்தில் வெள்ளைப் பூக்கொடி பதித்து இழைத்தது. அப்பாரு (அப்பாவின் அப்பா) காலத்திலிருந்து பூசையறையில், ஜாதகக் கட்டுகளும் கிரயப் பத்திரங்களும் போட்டு வைக்கும் பெட்டியாக இருந்தது. "ஆனைத் தந்தமுங்க" என்று வந்தவரிடமெல்லாம் ஆத்தா பெருமையாகச் சொல்லுவார். சென்ற ஆண்டு ஒரு கைலென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெள்ளைத் துண்டுகளின் மேல் பொடிப் பொடியாகக் கரும்புள்ளிகளும் குறுங்கோடுகளும் தெரிந்தன. விலங்கு உயிரோடு இருந்தபோது இரத்தக் குழாய்கள் ஓடிய துளைகள் அவை. எலும்பில் மட்டுமே அவை இருக்கும். தந்தத்தில் அந்தத் துளைகள் இரா. குறுக்கே வெட்டிய முகத்தில் மட்டும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் யோசனையை யாரும் கேட்க வேண்டாம். செல்லுலாய்டாக இருந்தால் கற்பூர வாடை வரும் என்பது உண்மைதான், ஆனால் எதுவாக இருந்தாலும் வடு மிஞ்சும்.

விஷயத்தை ஆத்தாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "எலும்புன்னு தெரிஞ்சிருந்தா இத்தன வருசம் சாமிக்கிட்ட வெச்சிருப்பனா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, அன்று மாலையே பெட்டியை ஆசாரத்துக்கு, அதாவது முன்கூடத்துக்கு, மாற்றிவிட்டார். யானையின் பல்லுக்கு இருக்கும் மதிப்பு மாட்டின் எலும்புக்கு இல்லை என்ற அவர் எண்ணத்தை வாதாடி வெல்ல முடியவில்லை.

ஈரோட்டிலிருந்து:

எங்களுடையது மஞ்சள் மண்டியில் கணக்குப்பிள்ளை வைத்திருந்த தேக்குப் பெட்டி. ஓரம் முழுக்கப் பித்தளைக் கம்பி இழைத்திருக்கும். ஒரு தீபாவளிக்கு முன்தினம், குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு அதையும் புளி போட்டுத் துலக்கிவிட்டார்கள். பித்தளை என்னவோ பளபளத்தது. புளித்தண்ணீர் கம்பிக்கு அடியில் இறங்கிக் களிம்பு ஏறியதில், கம்பி இரண்டு மாதத்தில் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. தந்தமோ எலும்போ இழைத்திருந்தால் புளியும் எலுமிச்சையும் அதையே அரித்திருக்கும்.

கோவையிலிருந்து:

நான் பார்த்தது விசாகப்பட்டினத்து வேலை. நண்பர் ஒருவரின் வீட்டில், வக்கீலாக இருந்த தாத்தாவின் பெட்டி. மூடியைத் திறந்ததும் சந்தன வாசம் வந்தது. வெளியே முழுக்க வெண்ணிறத் தந்தத் தகடுகள், ஓரமெங்கும் கருங்கோட்டில் பூங்கொடிகள். அந்த ஊர்க் கைவினைஞர்கள் 18-ஆம் நூற்றாண்டில் முதலில் ஈட்டியிலும் கருங்காலியிலும் தந்தத்தை இழைத்தார்கள். பிறகு மரத்தையே தந்தத் தகட்டால் மூடி, அதில் கோடு கீறி, கீறலுக்குள் அரக்கை நிரப்பினார்கள். கோடு மையால் எழுதியது போலத் தெரிவதற்கு அந்த அரக்குதான் காரணம். விளக்கு மாடத்துக்குக் கீழே வைத்திருந்ததால் ஒரு பக்கத்தில் அது இளகிப் பரவியிருந்தது. தகடுகளில் நீளவாக்கில் வெடிப்புகளும் இருந்தன. அடியில் உள்ள மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும். ஆணி அடித்து நிறுத்திய தகடு அதோடு சேர்ந்து அசைய முடியாமல் பிளக்கும்.

நண்பரின் மாமா அதை விற்றுவிடலாம் என்று காரைக்குடிக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். அவர் செய்தது சரி. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இல் செய்த திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991-இல் செய்த திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடுத்துவிட்டன. உரிமைச் சான்றோடு வாரிசு வழியில் வரலாம். விலைக்குக் கைமாறக் கூடாது. ஆமை ஓட்டை இழைத்த பெட்டிகளுக்கும் இந்தச் சட்டமே பொருந்தும், ஏனெனில் அந்த ஓட்டைத் தரும் அழுங்காமையும் அதன் முதல் அட்டவணையில் உள்ளது. நூறாண்டு கடந்த பெட்டியைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. தந்தத்துக்கு வந்த தடையால்தான் மைசூர் ஈட்டிமர வேலைக்காரர்கள் இன்று தந்தத்துக்குப் பதிலாக வெளிர்நிற மரத்துண்டுகளையும் பிற பொருள்களையும் இழைக்கிறார்கள்.

மீண்டும் பொள்ளாச்சியிலிருந்து:

ஈரோட்டு நண்பரின் புளிக் கதையைப் படித்ததும், என் வீட்டிலும் ஒரு முறை வெள்ளீய நட்சத்திரங்களுக்குச் சாம்பல் போட்டுத் தேய்த்தது நினைவுக்கு வந்தது. பெயர்ந்த வில்லைகள் பதினேழையும் தீப்பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். பழைய வீணைகளைப் பழுதுபார்க்கும் ஆசாரி ஒருவர் வச்சிரம் காய்ச்சி ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்; காற்றின் ஈரம் வற்றும் வரை, தை பிறக்கட்டும் என்றார். தேய்ந்துபோன மூலையை என்ன செய்வது என்று கேட்டேன். அதை அப்படியே விட்டுவிடச் சொன்னார்.