சோபா காலியாகக் கிடக்கிறது, எல்லோரும் தரையில் உட்காருகிறோம். ஏன்?

மாடிவீட்டுக்காரன்:
வணக்கம். மரவேலை தெரிந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன். எங்கள் ஹாலில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, ஒற்றை சோபா இரண்டு. ராத்திரி சாப்பாடு முடிந்து டிவி முன்னால் கூடும்போது பார்த்தால் அம்மா, மனைவி, பையன், நான் எல்லோருமே தரையில், சோபாவின் அடியில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டு இருப்போம். மேலே துவைத்த துணி மடிக்காமல் கிடக்கும். எங்கள் வீட்டு வழக்கம் போல என்று நினைத்தேன், தம்பி வீட்டிலும் இதே கதைதான். இப்போது சோபா நடுவில் குழி விழுந்துவிட்டது. கடையில் எல் வடிவ சோபா காட்டி விலை சொன்னார்கள், தலை சுற்றியது. யாரும் உட்காராத பொருளுக்கு எதற்கு இவ்வளவு? இது வெறும் பழக்கமா, சோபாவிலேயே ஏதும் கோளாறா? ஆசாரியிடம் சொல்லி வேறு மாதிரி செய்துகொள்ளலாமா?

முத்துநகர் மாப்ள:
சோபா நாம் உட்காருவதற்கு என்று யார் சொன்னது? பெண் பார்க்க வருகிறவர்கள், பத்திரிகை வைக்க வருகிறவர்கள், எல்ஐசி ஏஜென்ட், இவர்களுக்காக வாங்கிப் போடுவது. எங்கள் வீட்டில் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையையே இன்னும் கழற்றவில்லை.

உளிச்சத்தம்:
தொழிலே இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். ஒரு டேப் எடுத்து இருக்கையின் ஆழத்தை அளந்து பாருங்கள், அதாவது முன் விளிம்பிலிருந்து முதுகு மெத்தை வரைக்கும். கடை சோபாக்களில் பெரும்பாலும் 22, 24 அங்குலம் இருக்கும். ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு இடுப்பின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 18 அங்குலம் வந்தால் அதிகம். அவர் முதுகைச் சாய்த்தால் பாதம் தரையைத் தொடாது, பாதத்தை ஊன்றினால் முதுகுக்குப் பின்னால் வெற்றிடம். இரண்டும் வேண்டுமென்றால் உடம்பைச் சரித்து நடுமுதுகை வளைத்து உட்கார வேண்டும், கொஞ்ச நேரத்தில் இடுப்பு கேள்வி கேட்கும்.

இப்போது தரையில் உட்கார்ந்து பாருங்கள். இருக்கையின் முன் விளிம்பு 17 அங்குல உயரத்தில் இருக்கும், அது சரியாகத் தோள்பட்டை எலும்புக்குக் கீழே வந்து நிற்கும். காலை நீட்டலாம், மடக்கலாம், சம்மணம் போடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. சோபா நல்ல சாய்மானம்தான், நாம் அதன் முன்பக்கத்தில் சாய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த அளவெல்லாம் வெளிநாட்டுக் கேட்லாக்கைப் பார்த்துச் செய்வது. நம் ஊர் உடம்பு அளவு இல்லாமல் இல்லை, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்ஐடி) 1997-லேயே இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டுவிட்டது. ஆனால் ஷோரூமில் யார் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்து பார்க்கிறார்கள்? கையால் ஒரு அமுக்கு, மெத்தென்று இறங்கினால் திருப்தி, அடுத்து கலர். அமுக்கியதும் இறங்குகிற ஃபோம்தான் சீக்கிரம் குழி விழும். உள்ளே சட்டம் என்ன மரம் என்று கேட்கிறவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை, அடித்துணியைக் கிழித்துப் பார்த்தால் பல சோபாக்களில் பேக்கிங் பெட்டி மரமும் ஸ்டேப்ளர் பின்னும்தான். பழுதுக்கு வருவதில் நான் பார்க்கிறதைச் சொல்கிறேன்.

வைகைக்கரை:
அளவு சரிதான் அண்ணா, ஆனால் வீட்டில் யார் முதலில் தரையில் உட்காருகிறார்கள் என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மாதான். கீரை ஆய, பூ கட்ட, பட்டாணி உரிக்க, முறத்தை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார முடியாது. அம்மா கீழே இருக்கும்போது நாம் மேலே கால்மேல் கால் போட்டு உட்கார ஒரு மாதிரி இருக்கும், மெதுவாக நாமும் இறங்கிவிடுவோம். தாத்தா காலத்தில் வீட்டுக்கே ஒரு சாய்வு நாற்காலி, அதில் அவர் இல்லாதபோதும் யாரும் உட்கார மாட்டார்கள். அந்த மரியாதை சோபா வந்த பிறகும் உடம்பை விட்டுப் போகவில்லை என்று தோன்றுகிறது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. மருமகள்கள் தரையில் உட்கார்ந்தது எல்லா வீட்டிலும் அவர்கள் விருப்பத்தினால் அல்ல, அதனால் ‘தரைதான் நம் பண்பாடு’ என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம் சித்திரை வெயிலில் ரெக்சின் சோபாவில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்திருங்கள், முதுகுச் சட்டை ஒட்டிக்கொண்டு வரும். தரை குளுகுளுவென்று இருக்கும்.

மாடிவீட்டுக்காரன்:
அளந்தேன், 23 அங்குலம்! அம்மாவின் பாதம் அந்தரத்தில் ஆடுகிறது. கீரை விஷயமும் அப்படியே எங்கள் வீடுதான். ஒரே சிக்கல், அம்மாவுக்கு மூட்டு வலி ஆரம்பித்திருக்கிறது, தரையிலிருந்து எழ இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்போ சோபாவும் வேண்டாம், தரையும் வேண்டாம் என்றால் என்னதான் செய்வது?

உளிச்சத்தம்:
அம்மாவுக்குத் தனி நாற்காலி செய்யுங்கள். இங்கே ஒரு இழுபறி உண்டு. உட்கார சுகமான உயரம் அவருக்கு 15, 16 அங்குலம், ஆனால் மூட்டு வலிக்காரர் எழுந்திருக்க 18 இருந்தால்தான் லேசு. நான் 17 வைத்துக் கீழே ஒரு கால் மணை போட்டுக் கொடுப்பேன். ஆழம் 17க்கு மேல் வேண்டாம். முக்கியமானது கைப்பிடி. அது இருக்கையின் முன் விளிம்பு வரைக்கும் நீண்டிருக்க வேண்டும், பாதியில் வளைந்து நிற்கக் கூடாது. உள்ளங்கையை முனையில் ஊன்றி அழுத்தித்தான் எழுவார்கள். அந்த முனையை உருட்டி இழைத்துவிடச் சொல்லுங்கள். கூர்மையாக விட்டால் கை வலித்தே அதைப் பிடிப்பதை விட்டுவிடுவார்.

இருக்கைக்குப் பிரம்பு போடுங்கள். காற்று போகும், எடைக்கு ஏற்றபடி கொஞ்சம் இறங்கும், அறுந்தால் பின்னிக்கொள்ளலாம். சண்டிகர் நகரம் கட்டியபோது 1950-களில் பியர் ஜான்னரே என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர் தேக்கிலும் பிரம்பிலும் சர்க்கார் அலுவலகங்களுக்கு நாற்காலி வடிவமைத்தார். பின்னாளில் அதையெல்லாம் பழைய சாமான் என்று குவித்துக் கழித்துக்கட்டினார்கள், இப்போது வெளிநாட்டு ஏலத்தில் லட்சக்கணக்கில் போகிறது. குமாஸ்தா உட்கார்ந்தபோது அதற்கு மதிப்பு கிடையாது!

மற்றவர்களுக்கு 14 அங்குல உயரத்தில் அகலமான திவான் ஒன்று, பலகைமேல் பஞ்சு மெத்தை, சுவரோரம் திண்டு. அகலம் 30 அங்குலம் இருக்கட்டும், அப்போதுதான் சம்மணம் போட முடியும். புதுத் தேக்கு விலை தாங்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் போனால் இடித்த வீட்டுத் தேக்குச் சட்டம் கிடைக்கும். இல்லையென்றால் வேங்கை போதும், பூவரசும் நல்ல மரம்தான்.

முத்துநகர் மாப்ள:
எல்லாம் சரி, வருகிறவர்கள் ‘சோபா இல்லையா’ என்று கேட்டால்?

மாடிவீட்டுக்காரன்:
மனைவியும் இதைத்தான் கேட்டாள். ஒற்றை சோபா இரண்டும் இருக்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது. எல்ஐசி ஏஜென்ட் தனியாகத்தானே வருவார்.

உளிச்சத்தம்:
கடைசியாக ஒன்று. ஆசாரி மரத்தை அறுக்கும் முன்னால் நாலு செங்கல், ஒரு பலகை போட்டு அம்மாவை அதில் உட்கார வைத்து எழச் சொல்லுங்கள். உயரம் பிடிக்கவில்லை என்றால் அட்டை வைத்து ஏற்றிப் பாருங்கள், இறக்கிப் பாருங்கள். எந்த உயரத்தில் கை கொடுக்காமல் எழுகிறாரோ அதைப் பென்சிலால் சுவரில் குறித்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.