கைவேலைப் பொருள் விற்று நிதி திரட்டியவர்கள் சொல்லுங்கள்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

கோரிமேடு கூடைக்காரி:

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் ஆரம்பியுங்கள்.

எங்கள் தெருவில் ஏழு பெண்கள் சேர்ந்து வயர் கூடை பின்னுகிறோம். ஏற்காடு மலையில் ஒரு சின்ன ஊரில் மாலை நேர வகுப்பு நடக்கிறது, 42 பிள்ளைகள் வருகிறார்கள். மார்கழிக் குளிரில் அவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு படிப்பதைப் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா, "கூடை வித்து ஆளுக்கொரு ஸ்வெட்டர் வாங்கித் தரலாமா?" என்றார். சரி என்று இறங்கினோம்.

முதல் பதிவில் நான் போட்டது ஒரு பையனின் படம். பொத்தான் இல்லாத சட்டை, ஒழுகும் மூக்கு, கேமராவைப் பார்க்காமல் எங்கோ பார்க்கிறான். கீழே "இந்தப் பிஞ்சுகளுக்காக ஒரு கூடை வாங்குங்கள்" என்று எழுதினேன். இதயக்குறியும் கண்ணீர் பொம்மையும் குவிந்தன. ஆர்டர் நாலு. நாலு பேரும் சொந்தக்காரர்கள். அதில் ஒருவர் என் சித்தி, இன்னும் பணம் தரவில்லை.

அப்போது கோயம்புத்தூரிலிருந்து முன்பின் தெரியாத ஓர் அம்மா போன் செய்தார். பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏனுங்க, இது எத்தனை கிலோ தாங்கும்? உழவர் சந்தைக்கு எடுத்துட்டுப் போகோணும்" என்றார். எனக்குத் தெரியவில்லை! இத்தனை வருஷம் பின்னுகிறேன், ஒருநாள் எடை வைத்துப் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே மாமியார் பின்னிய நெல்லிக்காய் முடிச்சுக் கூடையில் ஆறு தேங்காய், அஞ்சு கிலோ அரிசி, மேலே ஒரு பூசணிக்காய் வைத்தோம். மாமியாரே அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். மகன் படம்பிடித்தான். பின்னால் நாய் குரைக்கிறது, சிலிண்டர் வண்டி மணி அடிக்கிறது, எதையும் வெட்டாமல் அப்படியே போட்டேன். ஸ்வெட்டர் விஷயம் கடைசி வரியில் மட்டும். அந்த வாரம் 31 கூடை போனது.

இதோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பேன். தை மாதம் ஸ்வெட்டரோடு மலைக்குப் போனபோது வகுப்பு நடத்தும் ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, அந்தப் படத்துல இருக்கற பையன் இப்ப பெரிய ஸ்கூலுக்குப் போறான். அங்க கூடப் படிக்கற யாரோ தன்னோட அம்மா போன்ல படத்தைப் பார்த்துட்டு, இப்ப பசங்க எல்லாம் அவனை 'கூடை'ன்னு கூப்பிடறாங்களாம்" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து பதிவை நீக்கினேன். ஆனால் அது எத்தனை குழுவுக்குப் பகிரப்பட்டதோ, அதை எப்படி நீக்குவது? பையனுக்குச் சிவப்பு ஸ்வெட்டர் வாங்கியிருந்தேன். வாங்கிக்கொண்டான், போட்டுக்கொள்ளவில்லை.

நீங்கள் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை தறி வீடு:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. பட்டுச் சேலை நெய்து முடிந்ததும் பாவில் மிஞ்சும் நூலையும் துண்டுத் துணியையும் வைத்து நானும் தங்கையும் சுருக்குப் பை தைக்கிறோம். கண் ஆபரேஷன் செய்துகொண்ட வயதான நெசவாளிகளுக்குக் கண்ணாடி வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் எண்ணம். தறியில் உட்கார்கிறவர்களுக்குக் கண் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை, அப்பாவுக்கே இப்போது அறுந்த இழையைப் பிணைக்க நான்தான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 1905-இல் சுதேசி இயக்கம் தொடங்கிய நாள் என்பதால் 2015 முதல் அதைக் கொண்டாடுகிறார்கள். அந்த ஒரு வாரம் எல்லோருக்கும் கைத்தறி ஞாபகம் வரும், அதனால் பத்து நாள் முன்பே பைகளின் படத்தைப் போட்டுவிடுவோம். நன்றாகவே போகும். தகராறு வந்தது கூலியில். பெங்களூரிலிருந்து ஒருவர் 40 பை கேட்டார். விலை 180 என்றதும், "தர்ம காரியம்னு சொல்றீங்க, அதுல தையல் கூலி ஏன் சேர்க்கறீங்க?" என்று எழுதினார். தங்கை பதில் போட்டாள்: "தர்மம் பண்றது நீங்களும் நாங்களும் சார். தைக்கற மூணு அக்காவுக்கு அது வேலை." ஆர்டர் போய்விட்டது. போகட்டும். கூலியைக் கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் கண்ணாடிக்கு என்று இப்போது ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எழுதிவிடுகிறோம். 180 ரூபாயில் கண்ணாடிக்குப் போவது 60. சின்னத் தொகைதான். ஆனால் கேட்கிறவர்களிடம் தயங்காமல் சொல்ல முடிகிறது.

இன்னொருவர் மூன்று பை வாங்கிவிட்டு, நன்கொடைக்கு வருமான வரிக்கழிவு பெற உதவும் 80ஜி ரசீது கேட்டார். பொருள் வாங்கினால் அது வியாபாரம், நன்கொடை இல்லை, வரிக்கழிவு கிடையாது என்று விளக்கினேன். 80ஜி பதிவு உள்ள அறக்கட்டளைக்கு நேரடியாகக் கொடுத்தால்தான் கழிவு, அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை. இதெல்லாம் எனக்கும் முன்னே தெரியாது. அவர் கேட்டதால் ஆடிட்டர் அண்ணனிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஐந்து ரோடு பார்சல் தம்பி:

கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கூடை அனுப்புகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை என்னிடம் சண்டை போட்டிருப்பீர்கள், அதனால் சொல்கிறேன். கூடை 700 கிராம் இருக்கலாம். ஆனால் 35க்கு 25க்கு 30 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால், நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 5.25 கிலோவுக்குக் காசு. பெரிய கூடைக்குள் நடுக்கூடை, அதற்குள் சின்னக் கூடை வைத்து மூன்றாக விற்றுப் பாருங்கள். காற்றுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

கோரிமேடு கூடைக்காரி:

தம்பி, அந்தச் சண்டை போட்டவர்களில் நானும் ஒருத்தி. மன்னிச்சுக்கோ. மூன்று கூடை செட் இப்போது எங்களிடம் அதிகம் போகிற சரக்கு, அந்த யோசனை உன் ஆபீஸ் வாசலில் வந்ததுதான்.

சூரமங்கலம் தாத்தா:

என் மனைவி குரோஷாவில் குழந்தைத் தொப்பி பின்னுவாள். விற்ற பணம் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாத்திரை வாங்கப் போகும். விளம்பரம் செய்வது என் இலாகா. எழுபது வயதில் ரீல்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்குக் கிடைத்த அடியைச் சொல்கிறேன்.

ஒரு நாள் காலையில் போன். ராணுவத்தில் இருக்கிறேன், எங்கள் முகாமில் உள்ள பிள்ளைகளுக்கு 50 தொப்பி வேண்டும் என்றான். இந்தியும் உடைந்த தமிழுமாக, மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. அடையாள அட்டைப் படம் அனுப்பினான். "ராணுவக் கணக்கிலிருந்து பணம் இப்படித்தான் வரும், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்றான். போட்டேன். 4,500 ரூபாய் போனது. வரவில்லை, போனது. உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன், பணம் திரும்பவில்லை.

பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. இது எனக்குத் தெரியாததா? வேலையில் இருந்த காலம் முழுக்கக் கணக்கு எழுதியவன். 50 தொப்பி என்றதும் புத்தி மழுங்கிவிட்டது. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பில் இருக்கிறவனுக்கு எதிரில் இருப்பவனும் நல்லவனாகத்தான் தெரிகிறான். அந்த 4,500-ஐ என் ஓய்வூதியத்திலிருந்து போட்டு இல்லத்துக்குக் கொடுத்துவிட்டேன். மனைவிக்கு இன்று வரை தெரியாது. அவள் இந்தப் பக்கம் வருவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தாரமங்கலம் ரோடு:

தாத்தா, உங்கள் ரகசியம் எங்களோடு இருக்கும். ஆனால் எனக்கு ஒரு கேள்வி, யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். வயர் வாங்கி, பின்னி, படம் எடுத்து, பார்சல் கட்டி, ஏமாந்து, இவ்வளவு பாடு எதற்கு? ஏழு பேரும் மாதம் ஆளுக்கு 500 போட்டால் ஸ்வெட்டர் வந்துவிடாதா?

கோரிமேடு கூடைக்காரி:

நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டார்.

ஒரு நடுத்தரக் கூடைக்கு அடி போடுவதிலிருந்து கைப்பிடி சுற்றுவது வரை எனக்கு இரண்டு நாள் ஆகும், அதுவும் சமையல், பிள்ளை, மாமியார் மருந்து எல்லாவற்றுக்கும் நடுவில். வயருக்கு மட்டும் எங்களுக்கு 200 ஆகிறது. 450-க்கு விற்கிறோம். கணக்குப் போட்டால் நான் வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கொடுப்பதுதான் லாபம். ஆனால் எங்கள் ஏழு பேரில் ஐந்து பேருக்கு மாதம் 500 ரூபாயைத் தன் கையால் எடுத்துக் கொடுக்கிற நிலைமை இல்லை. வீட்டில் கேட்க வேண்டும். கூடைக் காசுக்கு யாரையும் கேட்க வேண்டாம்.

ஆனாலும் ஊர் விடாது. ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அத்தை, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், "ஆமா, அதுல நீ எவ்ளோ எடுத்துக்கறே?" என்றார். சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து கணக்கு நோட்டை அப்படியே படம் எடுத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்டேட்டஸில் போடுகிறேன். அடித்தல் திருத்தல், எண்ணெய்க் கறை எல்லாம் இருக்கும். சித்தி தர வேண்டிய பாக்கியும் பெயர் போடாமல் அதில் இருக்கிறது. விளம்பரத்துக்காகச் செய்யவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்த ஆர்டர்கள் உண்டு.

ஏற்காடு காப்பிக்கொட்டை:

மேலேயிருந்து ஒரு குரல். ஏரிப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறேன். வறுத்த காப்பிக்கொட்டையில் துளை போட்டுக் கோத்து மாலை, கம்மல், சாவிக்கொத்து செய்கிறோம். எஸ்டேட்டில் வேலை செய்து ஓய்ந்துபோன பாட்டிகள் ஆஸ்பத்திரிக்குக் கீழே சேலம் போய்வர வண்டிச் செலவு, அதற்குத்தான் இந்தப் பணம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது இளவட்டங்களுக்கு ஜாலி, முட்டிவலிக்காரப் பாட்டிக்கு அப்படி இல்லை.

கோடை விழாச் சமயத்தில் கடையில் வாங்குகிறவர்கள் ஊருக்குப் போய் ஆன்லைனில் திரும்ப வாங்குகிறார்களா என்று பார்த்தால், முதல் வருஷம் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் வருஷம் மாலையோடு கையால் எழுதிய சின்ன அட்டை ஒன்று கட்டினேன். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில்தான் இந்த மலைக்குக் காப்பிச் செடி வந்தது என்று நாலு வரி, கொட்டையைப் பறித்த பாட்டியின் எஸ்டேட் வேலை எத்தனை வருஷம் என்று ஒரு வரி, பின்னால் எங்கள் எண். வாங்கியவர்கள் மாலையைவிட அட்டையைத்தான் படம் எடுத்துப் போட்டார்கள்! எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது, மாலைக்குத்தானே உழைத்தோம். பாட்டியின் படத்தைப் போடவில்லை, அவரே வேண்டாம் என்றுவிட்டார். "என் மூஞ்சியப் பார்த்து எவன் வாங்குவான் சாமி?" என்பது அவர் சொன்ன காரணம்.

இனி நஷ்டக் கணக்கு. ஆடி மாதம் மூடுபனியில் கட்டி வைத்த 60 மாலை பூஞ்சணம் பிடித்துப் போனது. வாங்கிய மூன்று பேர் படத்தோடு எழுதினார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஒருவர் வேண்டாம் என்று சொல்லியும் கொடுத்தேன். இப்போது வார்னிஷ் இரண்டு பூச்சு, மழைக்காலத்தில் ஆர்டர் எடுப்பதில்லை. அப்புறம் காப்பிச் சக்கையில் சோப்பு செய்யலாம் என்று இறங்கினோம். விற்பதற்கு உரிமம் வேண்டும், அது அழகுசாதனப் பொருள் கணக்கில் வரும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம். காப்பித்தூள் விற்பதானாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். தர்மத்துக்கு விற்கிறோம் என்பதால் எந்தச் சட்டமும் விலகி நிற்காது.

அம்மாப்பேட்டை தறி வீடு:

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் போடுகிறவர்களுக்கு ஒன்று. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், ஒரு பட்டியலில் 256 பேர்தான். இது தெரியாமல் எட்டு மாதம் காற்றோடு பேசிக்கொண்டிருந்தேன். இப்போது பையை வாங்குகிறவர்களிடம், "எங்க நம்பரை 'சுருக்குப் பை'ன்னு சேவ் பண்ணிக்கோங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

கோரிமேடு கூடைக்காரி:

நல்ல வேளை சொன்னாய். நானும் அப்படித்தான் காற்றோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

நேரம் காலமும் பார்க்க வேண்டும். நவராத்திரிக்கு இருபது நாள் முன்னால் கையளவு கூடையைத் தாம்பூலத்துக்கு என்று போட்டோம், கொலு வைக்கிற வீடுகளிலிருந்து 25, 30 என்று மொத்தமாகக் கேட்டார்கள். வளைகாப்புக்கும் அப்படியே. மாதம் முழுக்கக் கூவிக் கூவி விற்றது அந்த இரண்டு வாரத்துக்கு ஈடாகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பங்குனியில் அந்தப் பையனின் அம்மா மலையிலிருந்து பஸ் ஏறி எங்கள் தெருவைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்து நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். மாமியார்தான் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். வந்தவர் கூடையைக் கையில் எடுத்து, அடியைத் திருப்பி, முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார். "இது இழுத்து முடியல, ஒரு வருஷத்துல தளர்ந்துடும்" என்றார். பின்னியது நான். மூங்கில் கூடை முடையும் வீட்டில் பிறந்தவராம். அப்புறம், "எனக்கும் வயர் குடுங்க, பின்னித் தர்றேன். கூலி எவ்வளவு?" என்றார். படத்தைப் பற்றி நானாகப் பேச ஆரம்பித்தேன். "அது சரி, கூலியச் சொல்லுங்க" என்றார். ஒரு கூடைக்கு 150 என்று பேசி முடித்தோம். இப்போது நாங்கள் எட்டுப் பேர்.

சூரமங்கலம் தாத்தா:

அந்த அம்மா பின்னிய கூடை ஒன்று எனக்கு வேண்டும். மாம்பழ நிறத்தில் இருக்கிறதா? பார்சல் வேண்டாம், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். பணம் ரொக்கமாகத்தான் தருவேன்.